தென்னமரம் தோட்டமும் கொன்யாக் மண்ணின் பிள்ளையும்

இந்நாட்டில் செம்பனை வணிக நோக்கில் முதன்முதலாகப் பயிரிடப்பட்ட இடம் எது என்று கேட்டால், கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டம் என்றும் ஆண்டு 1917 என்றும் நம்மில் பலர் பள்ளிப் பாடத்தில் படித்ததைச் சொல்லிவிடுவோம். பயிரிட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பெயரோடு பாடம் முடிந்துவிடும். செகிஞ்சான் வயல்வெளிக்கும் வட சிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் இடையே வளர்ந்தவன் என்பதால், அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதர் யார் என்று தேடிப் படித்தேன்.

ஃபோகோனியே 1879 பிப்ரவரி 26ஆம் நாள் பிரான்சின் ஷாராந்த் பகுதியில், பார்பெசியே என்ற சிற்றூரில் பிறந்தார். அவர் குடும்பத்தின் தொழில் கொன்யாக். நம் வீட்டு விருந்துகளில் பொதுவாகப் 'பிராந்தி' என்று ஒரே பெயரால் அழைக்கப்படும் மது வகையின் மூத்த அண்ணன் அது. வெள்ளைத் திராட்சை ஒயினைச் செப்புக் கொதிகலனில் இருமுறை வடித்து, ஓக் மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் உறங்க வைப்பார்கள். பீப்பாயின் வழியே ஆவியாகிப் போகும் பங்குக்கு வானதூதர் பங்கு என்று அவ்வூரார் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த மதுவுக்குத் தரம் பிரிக்கும் முறை என்னை வியக்க வைத்தது. தரத்தின் தொடக்கம் மண். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் விளைந்ததற்கு முதல் மதிப்பு. சுண்ணாம்பு குறையக் குறைய மதிப்பும் இறங்கும். 1860ஆம் ஆண்டு வாக்கில் கோக்கான் என்ற நிலவியல் அறிஞர், சுவை பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவரோடு ஊர் ஊராகச் சென்றதாகச் சொல்வார்கள். அறிஞர் மண்ணை மட்டும் பார்த்தார். மற்றவர் மதுவை மட்டும் சுவைத்தார். இருவர் குறிப்புகளையும் ஒப்பிட்டபோது ஒத்துப்போயினவாம். இன்று அப்பகுதி ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பார்பெசியே இரண்டாம் நிலையான 'சின்ன ஷாம்பாஞ்' வட்டாரத்தில் அடங்கும். சுவைப்பவர் நாக்கைவிட மூக்கையே அதிகம் நம்புவார். குவளையைக் கையில் ஏந்தி முகர்ந்து, சிறிது நீர் கலந்து மீண்டும் முகர்ந்த பிறகுதான் வாயில் வைப்பார்.

ஆனால் ஃபோகோனியே கண் திறந்து பார்த்த ஷாராந்த் செழிப்பாக இல்லை. பிலாக்செரா என்னும் நுண்பூச்சி வேரைத் தாக்கித் திராட்சைக் கொடிகளைக் கொன்றுகொண்டிருந்தது. 1877இல் ஏறத்தாழ 280,000 ஹெக்டராக இருந்த திராட்சை நிலம் 1893இல் 40,000 ஹெக்டர் அளவுக்குச் சுருங்கியது. ஒற்றைப் பயிரை நம்பிய மண் ஒரு பூச்சியால் வீழ்வதைச் சிறுவயதிலேயே கண்டவர் அவர். பின்னாளில் ரப்பர் கொழித்தபோதும் அவர் வேறொரு பயிரை நட்டுப் பார்த்ததற்கு இதுவே காரணம் என்பது என் ஊகம். அவர் அப்படி எழுதியதாக நான் படித்ததில்லை.

தந்தையின் மறைவுக்குப் பின் இங்கிலாந்தில் ஒரு பள்ளியில் பிரெஞ்சும் இசையும் கற்பித்தார். அங்கே இருந்தபோது, போர்னியோவில் சாகோ பயிரிட்டுப் பணம் பண்ணலாம் என்று ஒரு கட்டுரையைப் படித்தார். அதை நம்பி 1905இல் கப்பல் ஏறினார். சிங்கப்பூர் வந்ததும் ரப்பர்தான் காலத்தின் பயிர் என்று தெரிந்தது. சாகோ மறந்தது. சிறிது காலம் ஒரு தோட்டத்தில் தொழில் பழகி, அதே ஆண்டில் சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் பெற்றுக் காட்டை அழிக்கத் தொடங்கினார். பனையோலை வேய்ந்த வீடு ஒன்றைக் கட்டி அதற்குப் 'பனை வீடு' என்று பெயரிட்டார். 1910ஐ ஒட்டி ரப்பர் விலை விண்ணைத் தொட்டது. பெல்ஜியத்து முதலீட்டாளர் அட்ரியன் ஹாலேயின் துணையும் கிட்டியது. ஓலைவீட்டுத் துரை செல்வந்தரானார்.

காட்டை அழித்தார், தோட்டத்தை உருவாக்கினார் என்று எழுதுவது எளிது. கோடரியும் மண்வெட்டியும் யார் கையில் இருந்தன? விடியுமுன் பெரட்டுக்கு நின்ற நம் முன்னோர் கையில்தான். கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். பார்பெசியேயில் ஒரு பீப்பாய் எந்த மண்ணில் பிறந்தது என்பதற்குக் கணக்கு உண்டு. இங்கே ஒரு நிரையை நட்டவர் யார் என்பதற்குக் கணக்கில்லை. மாலையில் அவர்களுக்குக் கிடைத்த மது தோட்டத்துக் கள்ளுக்கடையின் கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, அந்தக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் தொழிலாளர் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது.

செம்பனைக்கு வருவோம். ஹாலே சுமத்ராவில் செம்பனை பயிரிட்டு வந்தார். அங்கிருந்து வந்த விதைகளை ஃபோகோனியே 1911 வாக்கில் ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்டார். முதலில் அவை அழகுக்காக நின்றவையே. பிறகு, காப்பி எடுபடாமல் போன தென்னமரம் நிலத்தில் 1917இல் செம்பனை முறையாக நடப்பட்டது. ஆனால் 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோதே ஃபோகோனியே பிரெஞ்சு இராணுவத்துக்கு அழைக்கப்பட்டுவிட்டார். 1917இலும் அவர் சீருடையில்தான் இருந்தார். விடுப்பில் ஊர் வந்து மணம் செய்துகொண்டதும் அதே ஆண்டுதான். முடிவு அவருடையது, விதைக்கு வழி செய்தவரும் அவரே. அந்தப் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டில் குழி வெட்டிக் கன்றை இறக்கியவர்கள் தோட்டத்து மக்கள். 'தென்னமரம்' என்பது அச்சு அசலாக நம் தென்னை மரம். நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் ஒரு தமிழ்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது என்பதைப் பாடநூலில் எவரும் சுட்டிக்காட்டி நான் பார்த்ததில்லை.

போருக்குப் பின் மலாயா திரும்பினார். 1925இல் குடும்பத்தோடு துனீசியாவில் குடியேறினார். அங்கே எழுதி முடித்த நாவல்தான் 'மலேசி'. 1930இல் அது பிரான்சின் மிகப் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசைப் பெற்றது. மறு ஆண்டே ஆங்கிலத்தில் வந்தது. எழுத்து அந்தக் குடும்பத்துக்கே வாய்த்தது போலும்: தங்கை ஜெனவியேவும் 1933இல் ஃபெமினா பரிசு பெற்றார்.

நான் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். காடும் மழையும் ஆறும் கண்முன் வந்து நிற்கின்றன. மலாய் பந்துன்களின் மேல் அவருக்கு உண்மையான காதல் இருந்திருக்கிறது. தோட்டத்துத் தமிழர்களும் வருகிறார்கள். ஆனால் எல்லாரும் ஒரு பிரெஞ்சுத் துரையின் கண்வழியே தெரிகிறார்கள். மலாய் இளைஞன் ஸ்மாயிலுக்குக் கொடுத்த மனத்தின் ஆழத்தை அவர் தமிழருக்குக் கொடுக்கவில்லை என்பது என் கணிப்பு. ஆயினும் நம் வட்டாரத்து வாழ்க்கை உலக இலக்கியத்தில் இடம்பெற்ற நூல் அது. தமிழ் படிக்கும் மாணவர்கள் அதைக் கையில் எடுத்து நிறை குறைகளைத் தாமே எடைபோட வேண்டும்.

அதன்பின் 1938இல் 'காட்சிகள்' என்ற பொருள்படும் சிறுகதைத் தொகுதி ஒன்று வந்தது. பெரிய நாவல் எதுவும் தொடரவில்லை. 1973 ஏப்ரல் 14ஆம் நாள், தம் தொண்ணூற்று நான்காம் வயதில் ஃபோகோனியே காலமானார். அதற்குள் இங்கே ரப்பர் மரங்கள் விழத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகச் செம்பனை ஏறிக்கொண்டிருந்தது.