திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார்

நம் வல்லம் வடகாலும் அடங்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், கோழியாளம் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். கோயமுத்தூரில் பயின்ற காலத்தில், சாதி வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, பிற மாணாக்கருடன் பழகாது ஒதுங்கியிருந்தார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். பள்ளி விட்டதும் விரைந்து வீடு சேர்வார்.

1890இல் சென்னைக்கு வந்தார். அந்நாளில் நம் மாவட்டத்து மக்கள் இருந்த நிலையை இளைஞர்கள் அறிதல் வேண்டும். தரிசு நிலம் கேட்டு மனுச் செய்தாலும் மிராசுதாரர்க்கே முன்னுரிமை. குடியிருந்த மனையும் பலருக்குச் சொந்தமன்று. மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் இக்கொடுமைகளை விரித்தெழுதிய அறிக்கையின் பயனாக, 1892இல் நம் மக்களுக்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. நன்மைதான். ஆயினும் எழுதியவர் வெள்ளை அதிகாரி, எழுதப்பட்டவர்கள் நாம். நம் குறையை நாமே எழுதிக் கேட்க வேண்டும் என்பது சீனிவாசனாரின் துணிபு.

1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். இழிசொல்லாக வீசப்பட்ட பெயரையே முகப்பில் பொறித்தார். கையிலிருந்து செலவிட்டது 10 ரூபாய். இரண்டே நாளில் ஏறத்தாழ 400 படிகள் விற்றன. அவ்வாண்டு டிசம்பரில், இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தக் கூடாதென்று 3,412 பேர் ஒப்பமிட்ட, 112 அடி நீள மனு ஒன்றை இலண்டன் பாராளுமன்றத்துக்கு அனுப்புவித்தார். இதற்காக அவரைக் குறைகூறுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அதிகாரம் கைமாறினால் அது எவர் கைக்குச் செல்லும் என்பதே அவர்தம் கவலை. அக்கவலை வீண் என்று நம்மில் எவர் சொல்வார்?

1900இல் இதழ் நின்றது. பின்னர் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றி 1921இல் தாயகம் மீண்டார். 1923இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை எல்லோரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறி, அரசாணையும் ஆயிற்று. ஆணை வந்த அன்றே வழி திறந்துவிடவில்லை. ஊர்தோறும் யாரேனும் ஒருவர் முதலில் நடந்து காட்ட வேண்டியிருந்தது.

அவர் சபையில் அமர்ந்தது நியமனத்தால் என்பதை மறத்தல் கூடாது. சொத்தும் வரியும் உடையவர்க்கே வாக்குரிமை இருந்த காலம் அது. நம் மக்களில் வாக்காளர் மிகச் சிலர். அரசு விரும்பினால் தரும் இடத்தை அரசே பறிக்கவும் கூடும். ஆகவே 1930இலும் 1931இலும் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து, வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டுமென்றும், தனி வாக்காளர் தொகுதி வேண்டுமென்றும் கேட்டார். 1932 பூனா ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர்களுள் அவரும் ஒருவர். அதன்வழி மாகாணச் சபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவற்றுள் சென்னை மாகாணத்துக்கு 30. இன்று ஸ்ரீபெரும்புதூர் சட்டமன்றத் தொகுதி தனித்தொகுதியாக இருப்பதைக் காணும் இளைஞர்கள் அவ்வேர் எங்கிருந்து வருகிறது என்று அறிவார்களாக. கிராம சபை கூடும் நாள்களில் கோரிக்கையை வாயால் சொல்லி அமையாது, தீர்மான ஏட்டில் எழுதச் செய்து ஒப்பமிட்டு வருபவர்களும் அவர் வழியினரே.

சீனிவாசனார் 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். அவர் கேட்ட வாக்குரிமையோடு நாடு முதற்பொதுத்தேர்தலைச் சந்தித்தது 1951-52இல்.