625-க்கு 247½ மார்க்கு: பாரிஸ்டர் படிப்புக்குப் போகலாமா?

1887-ம் ஆண்டு நவம்பர் மாதம். ராஜ்கோட்டில் இருந்து 18 வயதுப் பையன் ஒருவன் ஆமதாபாத்துக்குப் புறப்பட்டான். மெட்ரிகுலேஷன் பரீட்சை எழுதுவதற்காக. துணைக்கு யாரும் இல்லாமல் அவன் அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை.

அவன் பெயர் மோகன்தாஸ். பிற்காலத்தில் உலகம் போற்றிய மகாத்மா காந்திதான் அந்தப் பையன்.

பரீட்சை முடிவு வந்தது. காந்தி தேறிவிட்டார். ஆனால் மார்க்கு?

ஆங்கிலத்தில் 200-க்கு 89. குஜராத்தியில் 100-க்கு 45½. கணக்கில் 175-க்கு 59. பொது அறிவில் 150-க்கு 54. மொத்தம் 625-க்கு 247½. நூற்றுக்கு 40 கூட இல்லை!

பரீட்சை எழுதியவர்கள் 3 ஆயிரம் பேருக்கு மேல். தேறியவர்கள் 823 பேர். அவர்களில் காந்திக்குக் கிடைத்தது 404-வது இடம்.

கல்லூரியில் திண்டாட்டம்

பம்பாயில் சேர்ந்து படிக்கப் பணம் போதாது. பாவ்நகரில் செலவு குறைவு. ஆகவே, அங்கே உள்ள சமல்தாஸ் கல்லூரியில் 1888-ம் ஆண்டு ஜனவரியில் காந்தி சேர்ந்தார்.

ஆசிரியர்கள் நன்றாகத்தான் நடத்தினார்கள். ஆனால் காந்திக்கு ஒன்றும் ஏறவில்லை. பாடம் புரியவில்லை. முதல் பருவம் முடிந்ததும் ராஜ்கோட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்.

வீட்டு நிலைமையும் நன்றாக இல்லை. தந்தை கரம்சந்த் காந்தி திவானாக இருந்தவர். 1885-ல் அவர் காலமாகிவிட்டார். மூத்த அண்ணன் லட்சுமிதாஸ்தான் குடும்பப் பாரத்தைச் சுமந்தார். மோகன்தாசுக்கோ சிறு வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. கையில் ஒரு குழந்தையும் இருந்தது. தந்தையின் திவான் பதவியை இவன்தான் எட்டிப் பிடிக்கவேண்டும் என்று எல்லோரும் நம்பி இருந்தார்கள்.

ஒரு யோசனை

குடும்ப நண்பர் மாவ்ஜி தவே ஒருநாள் வீட்டுக்கு வந்தார். நன்றாகப் படித்தவர். உலகம் தெரிந்தவர். அவர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்.

பி.ஏ. முடிக்க நாலைந்து வருடம் ஆகும். முடித்தாலும் 60 ரூபாய் சம்பளத்தில்தான் வேலை கிடைக்கும். அதற்கு மேல் சட்டமும் படிப்பது என்றால், இன்னும் வருடங்கள் போகும். அதற்குள் திவான் வேலைக்குப் போட்டி பெருகிவிடும். சீமைக்குப் போனால், மூன்றே வருடத்தில் பாரிஸ்டர் ஆகிவிடலாம். செலவு நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் போகாது.

காந்திக்கு டாக்டர் படிப்பில்தான் ஆசை இருந்தது. ஆனால், பிணத்தை அறுக்கும் தொழில் வைணவக் குடும்பத்துக்கு ஆகாது என்பது தந்தையின் எண்ணம். அண்ணன் அதை நினைவுபடுத்தினார். ஆகவே சட்டம் என்று முடிவாயிற்று.

பணம் எங்கே?

கல்லூரியில் ஒரு பருவம்கூட ஒழுங்காகப் படிக்க முடியாத பையன். அவனை நம்பி ஐயாயிரம் ரூபாய் போடலாமா? 60 ரூபாய் சம்பளம் பெரிதாக இருந்த காலம் அது!

போர்பந்தர் சமஸ்தானத்தை அப்போது லேலி என்ற வெள்ளைக்கார அதிகாரி நிர்வகித்து வந்தார். உதவித்தொகை கேட்டு காந்தி அவரைப் பார்த்தார். முதலில் பி.ஏ. தேறிவிட்டு வரும்படி சொல்லி, லேலி அனுப்பிவிட்டார்.

லேலி சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால், பி.ஏ. என்பதுதான் காந்தியால் தாண்ட முடியாத வேலியாக இருந்தது. லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்கு அந்தப் பட்டம் தேவைப்படவில்லை.

மனைவியின் நகைகளை விற்கலாமா என்றுகூட காந்தி யோசித்தார். கடைசியில், எப்படியாவது பணம் புரட்டித் தருவதாக அண்ணன் ஏற்றுக்கொண்டார்.

தாயாரின் பயம்

அம்மா புத்லிபாய் தயங்கினார். சீமைக்குப் போகும் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று அவர் கேள்விப்பட்டு இருந்தார். மது, மங்கை, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று, பெச்சார்ஜி சுவாமி என்ற சமணத் துறவியின் முன்னால் காந்தி சத்தியம் செய்தார். அதன் பிறகே அம்மா விடைகொடுத்தார்.

பம்பாயில் சாதிக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். கடல் தாண்டுவது மதத்துக்கு விரோதம் என்றார்கள். காந்தி பணியவில்லை. அவரைச் சாதியை விட்டுத் தள்ளி வைத்தார்கள். அவருக்கு உதவி செய்தாலும், வழியனுப்பப் போனாலும் ஒன்றேகால் ரூபாய் அபராதம் என்று கட்டளை போட்டார்கள்.

1888-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந்தேதி காந்தி கப்பல் ஏறினார். நவம்பர் மாதம், இன்னர் டெம்பிள் என்ற வழக்கறிஞர் சங்கத்தில் மாணவராகச் சேர்ந்தார்.

மறுபடியும் பரீட்சை

பாரிஸ்டர் ஆவதற்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று, 12 பருவங்களில் சங்கத்தின் விருந்துகளில் கலந்துகொள்ளவேண்டும். மற்றது, பரீட்சை தேறவேண்டும். அந்தப் பரீட்சை அவ்வளவு கடினமானது அல்ல. பலர் குறிப்புப் புத்தகத்தை உருப்போட்டே தேறிவிட்டார்கள்.

காந்தி அப்படிச் செய்யவில்லை. தன் படிப்பு குறைபாடு உள்ளது என்பது அவருக்குத் தெரியும். ஆகவே, யாரும் கேட்காமலே லண்டன் மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கும் படித்தார். அதற்கு லத்தீன் மொழி வேண்டும். அது அவருக்குப் புதிது. முதல் தடவை லத்தீனில் தோற்றுப்போனார். செலவைக் குறைக்க, ஒரே அறைக்குக் குடிமாறினார். தானே சமைத்துச் சாப்பிட்டார். மறுபடியும் எழுதினார். 1890-ல் தேறினார்.

படித்த லத்தீன் வீண் போகவில்லை. ரோமன் சட்டத்தை மூல நூலிலேயே அவரால் படிக்க முடிந்தது.

1890 டிசம்பரில் பாரிஸ்டர் இறுதிப் பரீட்சை நடந்தது. எழுதியவர்கள் 109 பேர். தேறியவர்கள் 77 பேர். காந்திக்கு 34-வது இடம். 1891-ம் ஆண்டு ஜூன் 10-ந்தேதி அவர் பாரிஸ்டர் ஆனார். 12-ந்தேதி ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

வாய் அடைத்தது

பம்பாயில் இறங்கியதும் பேரிடி காத்திருந்தது. தாயார் காலமாகி இருந்தார். பரதேசத்தில் தம்பி தவிக்கக்கூடாது என்று, அண்ணன் செய்தியை மறைத்து வைத்திருந்தார்.

தொழிலும் நடக்கவில்லை. முதல் வழக்கு, பம்பாய் சிறு வழக்குகள் கோர்ட்டில். பீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது. வாயில் இருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வழக்கை வேறு வக்கீலிடம் கொடுக்கும்படி சொல்லிவிட்டார்.

ஒரு பள்ளிக்கூடத்தில் 75 ரூபாய் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியர் வேலை காலி என்று தெரிந்தது. அதற்கு மனுப் போட்டார். பி.ஏ. பட்டம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று விட்ட படிப்பு, பாரிஸ்டர் ஆன பிறகும் காலை வாரியது.

காந்தி ராஜ்கோட்டுக்குப் போனார். மனு எழுதிக் கொடுத்து, மாதம் 300 ரூபாய் வரை சம்பாதித்தார்.

தொழில் பிடிபட்டது

1893-ல் தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காகத் தென் ஆப்பிரிக்காவுக்குப் போனார். 40 ஆயிரம் பவுன் வழக்கு அது. முழுக்க முழுக்கக் கணக்கு வழக்கு விவகாரம். காந்திக்குக் கணக்கு எழுதும் முறையே தெரியாது. புத்தகம் வாங்கிக் கற்றுக்கொண்டார். மெட்ரிகுலேஷனில் கணக்குப் பாடத்தில் 175-க்கு 59 வாங்கியவர், அந்த வழக்கின் கணக்கை அக்குவேறு ஆணிவேறாக அலசினார். பிறகு இரு தரப்பையும் பேசி இணங்க வைத்து, மத்தியஸ்தத்தில் வழக்கை முடித்தார். தோற்றவர் நொடித்துப் போகாமல், தவணையில் பணம் கட்டவும் வழி செய்தார். வக்கீல் தொழில் என்றால் என்ன என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

1894-ல் நேட்டால் சுப்ரீம் கோர்ட்டில் வக்கீலாகப் பதிந்துகொண்டார். சில மாதங்களில், கிழிந்த உடையோடு ஒருவர் அவரிடம் அழுதுகொண்டு வந்தார். முன்பல் உடைந்து, வாயில் ரத்தம் வழிந்தது. அவர் பெயர் பாலசுந்தரம். தமிழர். ஒப்பந்தக் கூலியாகப் போனவர். வெள்ளைக்கார முதலாளி அவரை அடித்து நொறுக்கி இருந்தான். காந்தி சட்டப்படி நடவடிக்கை எடுத்து, அவரை அந்த முதலாளியிடம் இருந்து விடுவித்து, வேறு இடத்தில் வேலைக்குச் சேர்த்தார். ஏழைக் கூலிகளுக்கு ஒரு வக்கீல் இருக்கிறார் என்ற செய்தி எங்கும் பரவியது.

404-வது இடம், காந்தி சட்டம் படிப்பதைத் தடுக்கவில்லை. பாரிஸ்டர் பட்டம், அவரைத் தானாக வக்கீல் ஆக்கிவிடவும் இல்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அதை அவர் உட்கார்ந்து படித்தார். அதுதான் அவரைக் கரை சேர்த்தது.