ஸர் டி. முத்துசாமி ஐயர்: உத்தியோகத்தில் இருந்துகொண்டே உயர்ந்தவர்

நமது சங்கத்து அங்கத்தினர் இல்லங்களில், படிப்பில் சோம்பும் பிள்ளைகளுக்குப் பெரியோர் எடுத்துச் சொல்லும் சரித்திரங்களுள் ஸர் டி. முத்துசாமி ஐயர் அவர்களுடைய சரித்திரம் ஒன்று. தெருவிளக்கின் கீழ் அமர்ந்து படித்தார், ஹைகோர்ட்டு ஜட்ஜானார் என்பதோடு அக்கதை முடிந்துவிடும். தெருவிளக்குக் கதையை நாம் மறுக்கப் புகவில்லை. ஆயினும், அவர் வாழ்நாளில் நம் இளைஞர் முக்கியமாய் அறியவேண்டுவது அதற்குப் பின்னர் நிகழ்ந்தவையே என்பது நமது எண்ணம். வறுமையிலே படித்தவர் பலர் உளர். நல்ல உத்தியோகம் கைக்கு வந்த பின்னும் படித்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவராகவே அவரைப் பற்றி ஈண்டு எழுதுகின்றோம்.

அவர் 1832-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 28-ஆம் தேதி தஞ்சாவூர் ஜில்லாவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இளம்பிராயத்திலேயே தந்தையை இழந்து, ஜீவனத்தின் பொருட்டுக் கிராமக் கணக்கரிடம் மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் உதவியாளாய் அமர்ந்தார். ஒரு நாள் ஆற்றங்கரை உடைப்பெடுத்ததாகச் செய்தி வர, கச்சேரியில் வேறொருவரும் இல்லாமையால் இச்சிறுவரையே தாசில்தார் முத்துசாமி நாயக்கர் பார்த்து வர அனுப்பினார் என்றும், சிறுவர் கொணர்ந்த விவரத்தை முதலில் நம்பாத தாசில்தார், பிறகு விசாரித்து அது அணுவும் பிசகாதிருக்கக் கண்டு வியந்தார் என்றும் சொல்லுவர். இது எவ்வாறாயினும், நாயக்கர் அச்சிறுவருடைய புத்திகூர்மையை உணர்ந்து, சென்னையில் ஆங்கிலக் கல்வி பெற வழிசெய்தார் என்பது நிச்சயம். சமர்த்தான பையன் ஒருவன் தம் கச்சேரியில் அகப்பட்டால் அவனைத் தமக்கே உழைக்க வைத்துக்கொள்ளும் அதிகாரிகளே உலகில் மிகுதி. தமக்கு ஆகவேண்டிய வேலையை நினையாமல் பையனுக்கு ஆகவேண்டிய நன்மையை நினைத்த நாயக்கரை நாம் மறத்தலாகாது. அன்றியும், ஐயர் பிறந்த குலத்தாருக்கு அந்நாளில் திறந்திருந்த பள்ளிக்கதவுகள் வேறு பல குலத்தாருக்கு அடைத்தே கிடந்தன என்பதையும் மறைத்தலாகாது.

சென்னையில் அவர் வருஷந்தோறும் பரிசுகளும் உபகாரச் சம்பளமும் பெற்றார். 1854-இல், சென்னை ராஜதானி மாணாக்கரில் ஆங்கிலத்தில் மிகச் சிறந்த வியாசம் எழுதுவோருக்கென்று ஏற்பட்ட 500 ரூபாய்ப் பரிசு அவருக்கே கிடைத்தது. மாதம் 1 ரூபாயாகச் சேர்த்திருப்பின் அத்தொகைக்கு 41 வருஷமும் 8 மாதமும் சென்றிருக்கும். அப்பரிசினால் ஆர்பத்னாட், ஹாலோவே என்னும் ஆங்கிலேய அதிகாரிகளின் கவனம் அவர்பால் திரும்பிற்று. இங்கிலாந்து சென்று சிவில் சர்வீஸ் பரீக்ஷைக்கு எழுத உதவுவதாகவும் வாக்களிக்கப்பட்டது. அவர் இசையவில்லை. கடல் கடத்தல் தம் குலாசாரத்துக்கு விரோதம் என்பதும், தாம் விவாகமானவர் என்பதும் காரணங்கள். வங்காளத்துச் சத்தியேந்திரநாத தாகூர் அப்பரீக்ஷையில் தேறி முதல் இந்தியராய் விளங்கியது 1863-இல்தான். நம்மவர் ஒருவர் பல வருஷம் முன்னரே அக்கீர்த்தியை அடைந்திருக்கக்கூடும். ஜாதிக் கட்டுப்பாடு ஒருவனுடைய முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்ற இச்செய்தியை ஒரு ஜாதிச் சங்கத்தின் பத்திரிகையில் எழுதும்பொழுது நமக்குக் கூச்சம் உண்டாகாமலில்லை. அக்கட்டுப்பாட்டை அவர் பேணியதை நாம் புகழவில்லை. ஒரு வாயில் அடைபட்டமையால் ஊக்கம் இழந்துவிடாமல், நடந்து செல்லக்கூடிய வேறு வாயில் எது என்று தேடினாரே, அதையே மெச்சுகின்றோம்.

அவ்வாயில் சட்டம். ஆனால் அவருக்கு முதலில் கிடைத்தவை சட்டத்துக்குச் சம்பந்தமில்லாத உத்தியோகங்கள். உபாத்தியாயராகவும், தஞ்சாவூரில் தஸ்தாவேஜுகளைக் காக்கும் ரிகார்டு கீப்பராகவும் இருந்து, 1856-இல் பள்ளிக்கூடங்களின் டிப்டி இன்ஸ்பெக்டரானார். 24 வயது வாலிபருக்கு அது கௌரவமான பதவியே. அச்சமயம் வக்கீல்களுக்கென்று புதிதாய் ஒரு பரீக்ஷை ஏற்பட்டது. பள்ளிக்கூடங்களைத் தணிக்கை செய்பவர் வக்கீல் பரீக்ஷைக்குப் போவானேன் என்று அக்கம்பக்கத்தார் கேட்டிருப்பார்கள், இக்காலத்திலும் கேட்கின்றார்களன்றோ! அவர் எழுதினார், முதன்மையாய்த் தேறினார். அதன்பின் தரங்கம்பாடியில் ஜில்லா முன்சீப், 1859-இல் தஞ்சாவூரில் டிப்டி கலெக்டர், 1865-இல் தென்கன்னட ஜில்லாவில் சப் ஜட்ஜ், 1868-இல் சென்னையில் மாஜிஸ்திரேட்டு என்று படிப்படியாய் ஏறினார்.

நம் வாசகர்கள் நின்று கவனிக்கவேண்டிய இடம் இதுவே. சென்னை மாஜிஸ்திரேட்டான காலத்தில் அவருக்கு வயது 36. வீடு, வருமானம், ஊராரின் மரியாதை யாவும் வந்துவிட்டன. ஆனால் பட்டம் ஒன்றும் இல்லை. இருக்க இயலாது, ஏனெனில், சென்னைச் சர்வகலாசாலை தோன்றியதே 1857-இல். அவர் பள்ளி மாணாக்கராய்ப் பரிசு பெற்ற 1854-இல் அப்படியொரு ஸ்தாபனமே இல்லை. தம் காலத்தில் இல்லாத பட்டம் தமக்கு எதற்கு என்று அவர் இருந்திருப்பின் குறை கூறுவார் எவருமில்லை. அவரோ, பகலிலே நியாயாசனத்தில் அமர்ந்து பிறரை விசாரித்துக்கொண்டே, தம்மினும் பல வயது இளைய பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட பி. எல். பரீக்ஷைக்குப் படித்துத் தேறினார். தவறியிருப்பின்? தீர்ப்புக் கூறும் மாஜிஸ்திரேட்டு சட்டப் பரீக்ஷையில் தவறினார் என்று பட்டணம் நகைத்திருக்கும். அந்த நகைப்புக்கு அஞ்சாமையே தெருவிளக்கினும் பெரிது என்று நாம் கருதுகின்றோம்.

நமது வீடுகளில் நடப்பது என்ன? ஒரு பையன் குமாஸ்தா பரீக்ஷையில் தேறி உத்தியோக உத்தரவு வந்தவுடன் புத்தகங்கள் பரணுக்கு ஏறிவிடுகின்றன. மேற்பதவிக்கு எழுதவேண்டும் என்று அவன் சொன்னால், கிடைத்ததைக் காப்பாற்றிக்கொள் என்று வீட்டாரே தடுக்கின்றனர். கல்யாணப் பேச்சும் அப்பொழுதே தொடங்கிவிடுகிறது. உபகாரச் சம்பளம் வழங்கும் கனவான்களும் பள்ளிப்பிள்ளைகளைப் பார்க்கின்றார்களேயன்றி, உத்தியோகத்தில் இருந்துகொண்டு இரவில் படிக்கும் முப்பது வயதுக்காரனைத் திரும்பியும் பாரார். அவனுக்குப் பரீக்ஷைக் கட்டணம் செலுத்துவதும் வித்தியாதானமே என்று அவர்கட்குத் தெரிவித்துக்கொள்கின்றோம்.

சரித்திரத்துக்குத் திரும்புவோம். அதன்பின் ஐயர் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட்டில் ஜட்ஜாயிருந்தார். 1878-இல் ஹைகோர்ட்டு ஜட்ஜாக நியமனம் பெற்றார். அந்த ஆசனத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அந்நியமனத்தைக் கடுமையாய்த் தாக்கின. பதில் கூற இந்தியர் கையில் தக்க பத்திரிகை இல்லை. இதனால் மனம் கொதித்த ஜி. சுப்பிரமணிய ஐயர், வீரராகவாசாரியார் முதலிய ஆறு வாலிபர்கள் 1 ரூபாய் 12 அணா கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, அவ்வருஷம் செப்டம்பர் மாதம் 20-ஆம் தேதி 'ஹிந்து' என்னும் வாரப் பத்திரிகையைத் தொடங்கினர். ஒருவருடைய உத்தியோக உயர்வின் பொருட்டுப் பத்திரிகை ஒன்று பிறந்த அதிசயம் இது.

பதினைந்து வருஷத்துக்கு மேல் அவர் அப்பதவியை வகித்தார். 1891-இல் மலையாள விவாக முறைகளை விசாரித்த கமிஷனுக்குத் தலைமை தாங்கினார். 1893-இல் சிறிது காலம் பிரதம நீதிபதியின் ஸ்தானத்திலும் அமர்ந்தார். அவ்வருஷமே ஸர் பட்டமும் வந்தது. அதை நெடுநாள் அனுபவிக்க விதியில்லை. 1895-ஆம் வருஷம் ஜனவரியில் திடீரெனக் காலமானார்.

சென்னை ஹைகோர்ட்டின் சிவந்த கட்டடம் திறக்கப்பட்டது 1892-இல். அதில் அவர் நீதி வழங்கியது மூன்று வருஷமும் இராது. ஆயினும் அமர்ந்த கோலத்தில் அவருடைய சலவைக்கல் உருவம் அக்கட்டடத்திலேயே இருக்கின்றது. அவர் காலியாக விட்டுப்போன ஆசனத்தில் அவ்வருஷமே எஸ். சுப்பிரமணிய ஐயர் அமர்ந்தார். அதற்கு ஒரு புதுப் பத்திரிகை தொடங்க வேண்டியிருக்கவில்லை.