ஒட்டு நாடா கண்ட ரிச்சர்டு டிரூ

பெரியோர் சரித்திரங்களை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசரையும், படைத் தலைவரையும், புலவரையும், தொண்டரையுமே நாடிச் செல்வர். நாள்தோறும் நம் மேசைமீது கிடந்து நமக்கு உழைக்கும் சிறு பொருள்களை ஆக்கித் தந்தோரை நினைப்பார் மிகச் சிலரே. கிழிந்த தாளை இணைப்பதற்கும், பொட்டலத்தை மூடுவதற்கும், உடைந்ததொரு பொருளை வேறு வழி பிறக்கும்வரை தாங்கி நிறுத்துவதற்கும் நாம் எடுத்தாளும் ஒட்டு நாடா அத்தகைய சிறு பொருள்களுள் ஒன்று. ஒட்டச் செய்வது எளிது. ஒட்டிய பொருள் வேண்டியபோது பழுதின்றி விட்டு நீங்கச் செய்வதே அரிது. இவ்வுண்மையைத் தம் உழைப்பால் கண்டு உலகிற்குப் பயன்படுத்திய ரிச்சர்டு டிரூ என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

ரிச்சர்டு டிரூ 1899-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22-ஆம் தேதி, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மின்னசோட்டா மாகாணத்தைச் சேர்ந்த செயின்ட் பால் நகரில் பிறந்தனர். இளமையில் பாஞ்சோ என்னும் தந்தி வாத்தியத்தை வாசிப்பதில் அவர் தேர்ச்சி பெற்றிருந்தனர். இரவில் நடனக் கூடங்களில் அதனை வாசித்துப் பொருளீட்டிக்கொண்டு, பகலில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் பொறியியல் பயின்றனர். ஆயினும் பட்டம் பெறும்வரை அங்கு நிலைத்திருக்க அவருக்கு இயலவில்லை. கலாசாலையை விட்டு நீங்கிய பின்னரும் கல்வியை அவர் கைவிடவில்லை. தபால் மூலமாக யந்திர அமைப்பியலைக் கற்றுவந்தனர். 1921-ஆம் ஆண்டில் தம் ஊரிலிருந்த ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் சாதாரண உதவியாளராக அமர்ந்தனர்.

அக்கம்பெனியின் வரலாறும் அறியத்தக்கதே. மின்னசோட்டா சுரங்க, உற்பத்திக் கம்பெனி என்னும் பொருள்படும் நீண்ட பெயருடன் அது 1902-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இன்று உலகோர் அதனை மூன்று எம் என வழங்குவர். சாணைக் கற்களுக்கு ஏற்ற குருந்தக் கல்லை வெட்டி எடுத்து விற்கலாம் என்று எண்ணித் தொடங்கியவர்கள், தாம் வாங்கிய நிலத்தில் இருந்தது குருந்தமன்று, விலைபோகாத வேறொரு கல்லே எனப் பின்னர் அறிந்து திகைத்தனர். அதன் பின்னரே உப்புத்தாள் செய்யும் தொழிலில் அவர்கள் புகுந்தனர். டிரூ வந்து சேர்ந்த காலத்தில், நீரில் நனைத்துத் தேய்த்தாலும் கெடாத புதிய உப்புத்தாள் ஒன்றை அக்கம்பெனி விற்கத் தொடங்கியிருந்தது. அதன் மாதிரிகளை மோட்டார் வண்டிப் பட்டறைகளுக்கு எடுத்துச் சென்று, அது எவ்வாறு உழைக்கிறது எனப் பார்த்து வருவதும் டிரூவின் கடமைகளுள் ஒன்றாயிற்று.

1923-ஆம் ஆண்டில் அவ்வாறு ஒரு பட்டறைக்குள் அவர் நுழைந்தபோது, வர்ணம் பூசுவோர் கடுஞ்சினத்துடன் ஏசிக்கொண்டிருந்ததைக் கேட்டனர். இரு வர்ணங்கள் பூசிய மோட்டார் வண்டிகளை அக்கால ஜனங்கள் பெரிதும் விரும்பினர். ஒரு வர்ணத்தைப் பூசி முடித்த பின் அதன்மேல் தாளை ஒட்டி மறைத்துக்கொண்டு, மற்றதைப் பூசவேண்டும். பிளாஸ்திரி நாடாவைக் கொண்டு ஒட்டினால், அதனை உரிக்கும்போது கீழிருந்த புது வர்ணமும் உடன் உரிந்து வந்தது. பசை தடவி ஒட்டினாலோ, அதனைச் சுரண்டி எடுக்கவேண்டி நேர்ந்தது. பல நாள் உழைப்பு ஒரு நொடியில் பாழாயிற்று, செலவும் இரட்டித்தது. டிரூ உப்புத்தாள் விற்கும் கம்பெனியின் பணியாளர். இத்துன்பம் அவருடைய துறையைச் சேர்ந்ததன்று. அதனைக் கேளாதவர்போல் திரும்பிச் சென்றிருந்தாலும் அவரை ஒருவரும் குறைகூறியிரார். ஆயின் அவரோ, அத்துன்பத்தைத் தீர்க்கும் நாடா ஒன்றைத் தாமே செய்து தருவதாக அங்கேயே வாக்களித்தனர். அது எவ்வாறு செய்யத்தக்கது என்பது அப்போது அவருக்கும் தெரியாது.

வாக்குக் கொடுத்தல் எளிது, நிறைவேற்றல் அரிது. தாவர எண்ணெய்கள், பலவகைப் பிசின்கள், ஆளிவிதை எண்ணெய், கிளிசரின், வச்சிரம் எனக் கைக்குக் கிடைத்த பொருள்களையெல்லாம் அவர் கலந்து பார்த்தனர். சில கலவைகள் பற்றவே இல்லை. சில பற்றிய பின் விடவே இல்லை. பசை ஒருவாறு அமைந்தபோதும், அதனைத் தாங்குதற்கேற்ற தாள் அமையவில்லை. காலம் நீண்டுகொண்டே சென்றது. கம்பெனியின் நிர்வாகத்தை நடத்திவந்த வில்லியம் மெக்நைட், இம்முயற்சியை நிறுத்திவிட்டுத் தமக்குரிய உப்புத்தாள் வேலைக்குத் திரும்புமாறு டிரூவைப் பணித்தனர். டிரூ பணிந்தனர், ஆனால் சில நாட்களே. பின்னர் மீண்டும் நாடா வேலையில் அவர் மூழ்கியிருந்ததை மெக்நைட் நேரிற் கண்டும், ஒன்றுங் கூறாது அப்பாற் சென்றனர்.

இதனையொட்டி மற்றொரு செய்தியும் வழங்கி வருகிறது. நாடா செய்வதற்கு ஒரு யந்திரம் வேண்டுமென டிரூ கேட்க, மெக்நைட் பணம் இல்லையென மறுத்தனராம். 100 டாலருக்கு உட்பட்ட பொருள்களை மேலதிகாரியின் அநுமதியின்றி வாங்கும் உரிமை டிரூவுக்கு இருந்தது. எனவே, 99 டாலர் அளவில் பல சீட்டுகளை எழுதி, யந்திரத்தின் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிச் சேர்த்தனராம். பின்னர் உண்மையை அவரே மெக்நைட்டிடம் கூறியும் விட்டனராம். கட்டளையை மீறுதல் நற்குணமாகாது. அதனை மாணவர் பின்பற்றல் வேண்டுமென யாம் கூற வரவில்லை. ஆயினும், பணியாளரின் ஆர்வத்தை அறிந்து வாய் திறவாதிருந்த தலைவரின் பொறுமையும் அக்கண்டுபிடிப்பில் ஒரு பங்குடையது என்பது தெளிவு. பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர் தம் நேரத்தில் நூற்றுக்கு 15 பங்கைத் தாம் விரும்பிய முயற்சிகளிற் செலவிடலாம் என்று அக்கம்பெனி இடங்கொடுத்தது.

1925-ஆம் ஆண்டில் டிரூவின் முயற்சி கைகூடிற்று. தச்சர் ஆளும் வச்சிரத்தோடு கிளிசரினைச் சேர்த்து, காய்ந்து இறுகிப் போகாத பசையை அவர் ஆக்கினர். அதனைச் சிறு சிறு சுருக்கங்கள் கொண்ட தாளின்மீது பூசினர். சுருக்கங்கள் இருந்தமையின் அத்தாள் இழுத்த பக்கம் நீண்டு, வண்டியின் வளைவுகளிற் படிந்து நின்றது. நீரில் நனைக்கவோ, தீயிற் காட்டவோ தேவையில்லை. விரலால் அழுத்துவதே போதும். இத்தகைய பசை முழுத் திரவமுமன்று, முழுத் திடமுமன்று. அழுத்தும்போது பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் படிந்து பற்றிக்கொள்ளும். ஓரத்திலிருந்து மெல்ல உரித்தால் கரையின்றி நீங்கும். மாஸ்கிங் டேப் என்று வர்ணக்காரர் இன்றும் வழங்குவது இதுவே.

ஸ்காட்ச் என்னும் பெயர் அந்நாடாவுக்கு வந்ததைப் பற்றியும் ஒரு கதை உண்டு. சோதனைக்காகக் கொண்டுசென்ற முதல் நாடாவில், இரு ஓரங்களில் மட்டுமே பசை பூசப்பட்டிருந்தது. அது நில்லாது விழவே, வர்ணம் பூசுபவர் ஒருவர் சினந்து, ஸ்காட்லாந்துக்காரரைப்போல் கஞ்சத்தனம் செய்யும் முதலாளியிடம் இதனைக் கொண்டுபோய் இன்னும் சிறிது பசை பூசச் சொல்லுமாறு டிரூவிடம் கூறினராம். ஒரு சாதியாரைப் பழித்த அச்சொல் நியாயமன்று. ஆயினும் பழியாக எழுந்த சொல்லே பின்னர் புகழ்பெற்ற பெயராயிற்று.

டிரூ இவ்வளவில் அமையவில்லை. ஜாக் பிராண்டன்பர்கர் என்னும் ஸ்விட்சர்லாந்து நாட்டறிஞர் கண்ட செல்லோபேன் என்னும் கண்ணாடிக் காகிதம் அந்நாளில் அமெரிக்காவிற் பரவி வந்தது. 1929-ஆம் ஆண்டில், குளிர்சாதன ரயில் வண்டிகளுக்கான பொருள் செய்யும் ஒரு கம்பெனியார், ஈரம் புகாத உறையொன்று செய்து தருமாறு கேட்டனர். அதனைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த டிரூவுக்குச் செல்லோபேன்மீதே பசை பூசினால் என்ன என்னும் எண்ணம் உதித்தது. ஆனால் அது வெப்பத்திற் சுருண்டது, யந்திரத்திற் கிழிந்தது, பசையை ஒரு சீராக ஏற்க மறுத்தது. பசைக்கு முன்னதாக வேறொரு மெல்லிய பூச்சைப் பூசி அக்குறையை நீக்கினர். பசையும் நிறமற்றதாக அமையவேண்டியிருந்தது. 1930-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 8-ஆம் தேதி, அப்புதிய நாடாவின் முதற் சுருள் சிக்காகோ நகரத்திலிருந்த வாடிக்கைக் கம்பெனி ஒன்றுக்குச் சோதனைக்காக அனுப்பப்பெற்றது.

அது உலகெங்கும் வாணிகம் தளர்ந்து மக்கள் வறுமையுற்ற காலம். ரொட்டிக் கடைக்காரரும் பலசரக்குக் கடைக்காரரும் தம் பொட்டலங்களை மூடுதற்கு அந்நாடாவை வாங்குவர் எனக் கம்பெனியார் கருதியிருந்தனர். ஆயின், வெப்பத்தாலேயே செல்லோபேனை ஒட்டும் முறை வந்து அவ்வெண்ணத்தைக் குலைத்தது. எனினும், எதிர்பாராத இடங்களிலிருந்து ஆதரவு பெருகிற்று. புதிய பொருள் வாங்க வழியற்ற ஏழை எளியோர் கிழிந்த புத்தகங்களையும், உடைந்த விளையாட்டுப் பொருள்களையும், ஜன்னல் திரைகளையும் அதனால் செப்பனிட்டுக்கொண்டனர். கண்டவர் நினையாத பயன்களைக் கொண்டவர் கண்டனர். 1932-ஆம் ஆண்டில் ஜான் போர்டன் என்னும் விற்பனை அதிகாரி, நாடாவை இழுத்து அங்கேயே அறுக்கும் பல்லுள்ள சாதனத்தை அமைத்து, அதன் உபயோகத்தை இன்னும் எளிதாக்கினர்.

1943 முதல் 1962 வரை டிரூ அக்கம்பெனியில் ஒரு தனி ஆராய்ச்சிச் சாலையை நடத்தினர். தமக்கு இளமையிற் கிடைத்த உரிமையைத் தம் கீழ் உழைத்த இளைஞர்க்கும் அவர் வழங்கினர். சாலை அடையாளப் பலகைகளில் இரவில் ஒளி வீசும் தகடும், தோலுக்குக் காற்றுப் புகவிடும் மருத்துவ நாடாவும் அச்சாலையின் உழைப்பால் விளைந்தவை.

பிறர் கண்ட நாடாக்களிலும் இதே பாடம் விளங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது இல்லினாய் மாகாணத்து வெடிமருந்துச் சாலையொன்றில் வேலை செய்த வெஸ்டா ஸ்டவுட் என்னும் அம்மையார், தோட்டாப் பெட்டிகளை மூடிய காகித நாடா அவசரத்திற் கிழிந்து போர்வீரர்க்குத் துன்பம் விளைக்கும் என அஞ்சினர். அவர்தம் மைந்தர் இருவர் கடற்படையில் இருந்தனர். ஈரம் புகாத துணி நாடாவே வேண்டுமென 1943-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கே அவர் கடிதம் எழுத, அது ஏற்கப்பெற்றது. 1970-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அப்போலோ 13 விண்கலத்தில் பிராணவாயுக் கலம் வெடித்தபோது, கரியமில வாயுவை நீக்கும் சதுரப் பெட்டிகளை வட்டத் துளைகளுக்குப் பொருத்தவேண்டிய நெருக்கடி நேர்ந்தது. பிளாஸ்டிக் பைகள், புத்தக அட்டை, குழாய் ஆகியவற்றைத் துணி நாடாவால் இணைத்தே அம்மூவரும் உயிர் பிழைக்க வழி செய்துகொண்டனர்.

எனினும், நாடாவின் எல்லையையும் உணர்தல் வேண்டும். 1947-ஆம் ஆண்டு முதல் கும்ரான் குகைகளிற் கிடைத்த சாக்கடல் சுருள்களின் துண்டுகளை, 1950-களில் அறிஞர் சிலர் ஒட்டு நாடாவால் இணைத்தனர். ஈராயிரம் ஆண்டு அழியாதிருந்த அத்தோல் ஏடுகளில் பசை ஊறிக் கறை படிந்தது. அதனை அணுவணுவாக நீக்குதற்கு வல்லுநர் பல்லாண்டு உழைத்து வருகின்றனர். பற்றியது விடாமையால் வந்த கேடு இது. ஆதலின், நூலகத்து அரிய நூல்களில் சாதாரண நாடாவை ஒட்டுதல் தகாது. மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையுமே அதற்கு ஏற்றவை. மின்சாரக் கம்பிக்கு அதற்கென்றே செய்த வினைல் நாடாவையே, மின்னோட்டத்தை நிறுத்திய பின் சுற்றுதல் வேண்டும். ஒழுகும் குழாய்க்குத் துணி நாடா சிறிது நேரத் துணையேயன்றி முடிந்த மருந்தன்று. புயற்காலத்தில் ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்கும் நாடா ஒட்டினால் கண்ணாடி உடையாது என்பதும் தவறான நம்பிக்கையே; பலகை அடைத்தலே காப்பாகும். இவற்றை அறிந்து, இரண்டொரு வகை நாடாச் சுருள்களை வீட்டில் சேமித்து வைப்போர் இடர் வந்த வேளையில் கலங்கார்.

ரிச்சர்டு டிரூ 1962-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று, 1980-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கலிபோர்னியா மாகாணத்தில் இறைவனடி சேர்ந்தனர். பட்டம் பெறாத அவருடைய பெயரை 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கண்டுபிடிப்பாளர் வரிசையிற் சேர்த்துப் போற்றினர்.

மாணவ நண்பர்காள்! டிரூவின் கல்வி கலாசாலையோடு முடிந்துவிடவில்லை. ஒரு பட்டறையில் பிறர் கூறிய வசைமொழிக்குச் செவிசாய்த்தபோது அது புதிதாகத் தொடங்கிற்று. பிறர் துன்பத்தைத் தம் வேலையன்று என ஒதுக்காது ஏற்றமையும், ஏற்றதை இறுதிவரை பற்றி நின்றமையும், பயனற்ற கலவைகளை அவ்வப்போது வருந்தாது விட்டமையுமே அவரை உயர்த்தின. பற்றவேண்டியது எது, விடவேண்டியது எது என அறிந்து வாழ்தல் நாடாவுக்கு மட்டுமன்றி நமக்கும் வேண்டிய குணமாம்.