இன்சுலின் தந்த பான்டிங்

நவம்பர் 14 என்றதும் நம் பள்ளியில் எல்லோர் நினைவுக்கும் வருபவர் நேரு மாமா. அதே நாளில் பிறந்த மற்றொருவரை நாங்கள் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு பாட்டி. சிதம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் கடலூர் வரும் எங்கள் வகுப்புத் தோழியின் பாட்டிக்கு, மாத்திரையில் சர்க்கரை நோய் அடங்காததால் மருத்துவர் இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்தார். அது மாட்டிலிருந்து எடுப்பது என்று யாரோ சொல்லிவிட, புலால் உண்ணாத பாட்டி ஊசியே வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

பிரெடரிக் பான்டிங் 1891இல் கனடா நாட்டில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரில் மருத்துவராகச் சென்று கையில் காயமுற்றார். திரும்பி வந்து வைத்தியம் பார்க்கத் தொடங்கியபோது முதல் மாத வருமானம் வெறும் 4 டாலர்!

அக்காலத்தில் சர்க்கரை நோய் கண்ட குழந்தைகளுக்கு மருந்தே இல்லை. ஏறக்குறையப் பட்டினி போட்டு, சில காலம் உயிரை நீட்டிப்பதுதான் வைத்தியம். 1921இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மெக்லியாட் இடம் அளிக்க, பான்டிங் தம் உதவியாளர் பெஸ்டுடன் நாய்களின் கணையத்தை ஆராய்ந்தார். நாய்கள் பல மாண்டன. படிக்கும்போது எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆயினும் அதில் கிடைத்த மருந்து போதவில்லை. இங்கேதான் உழவர் மகனின் அறிவு கைகொடுத்தது. இறைச்சிக்கு வெட்டப்படும் பசுக்களில் பல சினையாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். பிறவாத கன்றின் கணையத்தில் செரிமான நீர் மிகக் குறைவு. ஆகவே இன்சுலின் கெடாமல் கிடைத்தது. பிறகு வளர்ந்த மாடுகளின் கணையத்திலிருந்தே எடுக்க வழி கண்டனர்.

1922 ஜனவரி 11 அன்று, எங்களைவிட ஒரு வயது இளையவனான லியனார்ட் தாம்சனுக்கு முதல் ஊசி போட்டார்கள். பலனில்லை. காலிப் என்னும் அறிஞர் மருந்தை மேலும் தூய்மையாக்கித் தர, 23ஆம் தேதி மீண்டும் போட்டார்கள். சிறுவன் தேறினான், மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

1923இல் பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பான்டிங் தம் பரிசுப் பணத்தைப் பெஸ்டுடன் பகிர்ந்துகொண்டார். காப்புரிமையோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் விலையில் போயிற்று. 1941இல் விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது 49.

அதன் பிறகும் பல்லாண்டுகள் நோயாளிகளைக் காத்தவை மாடும் பன்றியுமே. அதை இழிவாக எண்ண எங்களுக்கு மனமில்லை. ஆனால் மனித இன்சுலினிலிருந்து பன்றியினுடையது ஓர் அமினோ அமிலத்திலும், மாட்டினுடையது மூன்றிலும் வேறுபடும். சிலர் உடல் அதை ஏற்கவில்லை. 1978இல் அமெரிக்காவில், மனித இன்சுலினுக்குரிய மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி அதையே சுரக்கச் செய்தனர். 1982இல் அது விற்பனைக்கு அனுமதி பெற்றது. பெங்களூரில் ஈஸ்டைக் கொண்டு தயாரித்த இன்சுலின் 2004இல் கடைகளுக்கு வந்தது.

பாட்டிக்கு எழுதித் தந்ததும் இவ்வகை மருந்துதான் என்று மருத்துவர் உறுதி கூறினார். பாட்டி இசைந்தார். ஆனால் நாங்கள் படித்ததையெல்லாம் தோழி சொல்லக் கேட்டபின், அந்தக் கன்றுகளை நினைத்து வெகுநேரம் பேசாதிருந்தாராம். இப்போது தினமும் காலையில் ரயிலுக்குக் கிளம்புமுன் ஊசி போட்டுவிடுவது எங்கள் தோழிதான்.