பதினாறு குதிரைகளும் ஒரு மேயரும்

செம்பினால் செய்த இரண்டு அரைக்கோளங்கள். அவற்றை ஒன்றோடொன்று பொருத்தி, உள்ளே இருந்த காற்றை வெளியேற்றிவிட்டார்கள். பக்கத்துக்கு 8 ஆக 16 குதிரைகளைப் பூட்டி இழுத்தார்கள். லேசில் பிரிக்க முடியவில்லை! வெளிக்காற்றின் அழுத்தமே அவற்றை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தது.

1657-ல் ஜெர்மனியின் மாக்டிபர்க் நகரில் நடந்த இந்தச் சோதனையைப் பள்ளிக்கூடத்தில் பலர் படித்திருப்பார்கள். அதைச் செய்து காட்டிய ஆட்டோ வான் கெரிக்கே அந்நகரின் மேயர் என்பதைச் சிலரே அறிவார்கள்.

1602-ல் அந்த ஊரிலேயே செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் கெரிக்கே. சட்டமும் கணிதமும் பயின்று ஊர் திரும்பி, 1626-ல் நகரசபையில் சேர்ந்தார்.

அப்போது ஜெர்மனியில் முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1631 மே மாதம் சக்கரவர்த்தியின் படை மாக்டிபர்க்கைச் சூறையாடித் தீக்கிரையாக்கியது. சுமார் 20,000 பேர் மாண்டனர். சிறைப்பட்ட கெரிக்கே பணம் கொடுத்து மீட்கப்பட்டார். சொத்தெல்லாம் போயிற்று. ஆனாலும் அவர் ஊரைக் கைவிடவில்லை. மறு ஆண்டே திரும்பி வந்து, பொறியியல் நிபுணராக நின்று, இடிந்த நகரை மீண்டும் கட்டுவதில் முனைந்தார்.

1646-ல் மேயர்களுள் ஒருவரானார். சுமார் 30 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். எந்தப் பிரபுவுக்கும் அடங்காத சுதந்திர நகரமாக மாக்டிபர்க் விளங்க வேண்டும் என்பதே அவரது ஆசை. அதற்காக ஊர் ஊராகத் தூது போனார். 1654-ல் ரீகன்ஸ்பர்க்கில் கூடிய பேரரசின் சபைக்கும் சென்றார். அங்கே தமது காற்றுப் பம்பைக் கொண்டு சக்கரவர்த்தி மூன்றாம் பெர்டினாண்டின் முன்னிலையில் சோதனைகள் நடத்தினார். எல்லோரும் வியந்தனர். அந்தக் கருவியை ஒரு பிஷப் விலைக்கே வாங்கிக்கொண்டார். ஊரின் கோரிக்கை மட்டும் பலிக்கவில்லை.

1666-ல் பிராண்டன்பர்க் படை வந்தது. மாக்டிபர்க் பணிந்தது. சுதந்திரக் கனவு கலைந்தது. அதே ஆண்டில்தான் சக்கரவர்த்தி லியோபோல்டு அவருக்குப் பிரபுப் பட்டம் அளித்தார்!

1672-ல் தம் ஆராய்ச்சிகளை நூலாக வெளியிட்டார். 1681-ல் முதுமையில், ஹாம்பர்கில் இருந்த மகனிடம் சென்றார். 1686-ல் அங்கேயே காலமானார்.

ஊருக்காக அவர் கேட்ட சுதந்திரம் கிடைக்கவில்லை. ஆனால் அவர் செய்த சோதனையால் அந்த ஊரின் பெயர் உலகெங்கும் வகுப்பறைகளில் ஒலிக்கிறது. மாக்டிபர்க் பல்கலைக்கழகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.