மேசைமேல் இரயில் விட்ட மன்னர்

எங்கள் ஊராகிய பாம்பூஃப்ளாட்டில் இரயில் கிடையாது. எங்கள் ஊரில் என்ன, அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் எதிலுமே பயணிகளை ஏற்றிச் செல்லும் இரயில் இல்லை. சாத்தம் துறையில் படகேறித் துறைமுகத்தின் நீரைக் கடந்தால் எங்கள் ஊர் வந்துவிடும். மூன்று நாள் கப்பலில் அசைந்து சென்னைக்கு வந்து இறங்கிய பிறகுதான் எங்களில் பலர் முதன்முதலாக இரயிலைக் காண்கிறோம். அப்படிப்பட்ட ஊரில், சென்ற விடுமுறையில், பழைய கதவுப் பலகை ஒன்றின்மேல் நான் ஓர் இரயில் பாதை போட்டேன்.

பெரிய வேலை ஒன்றும் அன்று. தண்டவாளங்களின் இடைவெளி 9 மில்லிமீட்டர். முட்டை வடிவில் ஒரு சுற்று. ஓரத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்த ஒரு கிளைப்பாதை. 12 வோல்ட்டு மின்சாரம். தண்டவாள உலோகத்திற்கு நிக்கல் வெள்ளி என்று பெயர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே குன்றிமணி அளவும் கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த கலவை அது. எங்கள் ஊர் உப்புக் காற்றில் நாலு நாள் கிடந்தால் அதன்மேல் அழுக்குப் படிகிறது. சக்கரத்திற்கு மின்சாரம் ஏறாமல் எஞ்சின் திக்கித் திக்கி நிற்கிறது. நான் துணியும் கையுமாகப் பாதையைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்த அப்பா, இந்த விளையாட்டினால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் நம் நாட்டில் இதே விளையாட்டை வெள்ளியிலேயே விளையாடிய ஒருவருடைய நினைவு வந்தது. அவர் கதையைத்தான் இங்கே சொல்லப் புகுந்தேன்.

டில்லிக்கும் சென்னைக்கும் இடையே இரயிலில் சென்றவர்கள் குவாலியரைக் கடந்திருப்பார்கள். மலைமேல் நீண்டு கிடக்கும் கோட்டையைச் சன்னல் வழியே பார்த்திருப்பார்கள். அந்தக் குவாலியரை ஆண்ட ஜயாஜி ராவ் சிந்தியா, ஆக்ராவிலிருந்து குவாலியருக்குப் பாதை போடுவதற்காக 1872-ஆம் ஆண்டில் 75 இலட்சம் ரூபாய் கடன் கொடுத்தார். மறு ஆண்டு, இந்தூருக்கும் நீமச்சுக்கும் இடையே போட்ட பாதைக்கு இன்னும் ஒரு 75 இலட்சம். ஆக, நாம் படுத்துறங்கிச் செல்லும் பாதையின் ஒரு துண்டு குவாலியர்ப் பணத்தில் எழுந்தது. இந்த ஜயாஜி ராவுக்கு 1876-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் பிறந்த மகனே மாதவ ராவ் சிந்தியா.

1886-இல் தந்தை காலமானார். மகனுக்கு அப்போது பத்து வயதும் நிரம்பவில்லை. ஆட்சிக் குழு ஒன்று நாட்டைக் கவனித்துக்கொள்ள, சிறுவன் கல்வி பயின்று வளர்ந்தான். 1894-இல் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்தது. பதினெட்டு வயது, பெரிய நாடு, தந்தை கட்டிவைத்த ஜெய்விலாஸ் அரண்மனை. இத்தனையும் கிடைத்த இளைஞருக்கு எதன்மேல் மோகம் பிறந்தது தெரியுமா? யானைமேல் அன்று, எஞ்சின்மேல்!

அரண்மனையைச் சுற்றி ஓடும் விளையாட்டு இரயிலாகத்தான் அது தொடங்கியது. தண்டவாளங்களின் இடைவெளி இரண்டே அடி. ஊட்டி மலை இரயிலின் பாதையைவிட இது குறுகல். விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்தில் சுற்றும் வண்டி வேறெந்த மன்னரிடமாவது இருந்திருந்தால் தோட்டத்திலேயே துருப்பிடித்துப் போயிருக்கும். மாதவ ராவின் பாதையோ மதிலைத் தாண்டியது. கிழக்கே பிண்டு நகரை நோக்கியும், தெற்கே சிவபுரியை நோக்கியும் நீண்டு, பொதுமக்கள் சீட்டு வாங்கி ஏறும் குவாலியர் லைட் ரயில்வே ஆயிற்று. 1899-ஆம் ஆண்டின் இறுதியில் வைசிராய் கர்சன் பிரபு வந்து அதைத் திறந்துவைத்தார்.

அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1899-இல் மழை பொய்த்தது. இராஜபுதனமும் மத்திய இந்தியாவும் குஜராத்தும் வறண்டு, வரலாறு காணாத பஞ்சம் தொடங்கியிருந்தது. அதற்கு முன் 1896, 97 ஆண்டுகளிலும் பஞ்சம். தானியம் உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்திற்கு விரைந்து போக இருப்புப்பாதை வேண்டும் என்று 1880-லேயே பஞ்சக் கமிஷன் எழுதிவைத்திருந்தது. இந்த நிலையில் ஓர் இளவயது மன்னர் தம் விளையாட்டுப் பாதையை ஊர் ஊராக நீட்டினார் என்பதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை. பயனுள்ள வேலையைப் பயனுக்காகவே செய்தாரா, எஞ்சின் ஆசை இழுத்துச் சென்ற இடத்தில் பயனும் வந்து சேர்ந்ததா? இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் அவரைக் குறைத்து மதிப்பிடவும் எனக்கு மனம் இல்லை.

நிற்க. மேசைக்கு வருவோம்.

இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் என்னும் ஊரில் பாசெட்-லோக் என்பவர் (1877–1953) சிறு இரயில்கள் செய்து விற்கும் நிறுவனம் ஒன்றை நடத்திவந்தார். பொம்மை இரயில் அப்போது புதிதன்று. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-லேயே லைப்சிக் சந்தையில், வேண்டியபோது மேலும் மேலும் வாங்கிச் சேர்த்துக்கொள்ளக்கூடிய தண்டவாளத் துண்டுகளைக் காட்டியிருந்தது. வீட்டில் இரயில் அமைக்கும் கலை பரவியதற்கு அந்த ஏற்பாடு பெருங்காரணம். பாசெட்-லோக்கின் வண்டிகளோ பொம்மை என்று சொல்ல முடியாத நேர்த்தி உடையவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாதவ ராவ் அவரிடம் கேட்டு வாங்கியது வெள்ளி இரயில்! விருந்துக் கூடத்தின் நீண்ட மேசைமேல் பாதை. அதன்மேல் மின்சாரத்தால் ஓடும் எஞ்சின். பின்னால் ஏழு பெட்டிகள். சிந்தியா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் வரும் ஏழு எழுத்துகள், பெட்டிக்கு ஒன்றாக. பெட்டிகளில் மதுக் குப்பிகளும் சுருட்டும் விருந்தினர் முன் வரிசையாகச் செல்லும்.

இதில் என்னைக் கவர்ந்தது வெள்ளி அன்று, நிறுத்தும் முறைதான். விருந்தினர் ஒருவர் குப்பியை எடுத்தால் மின்சுற்று அறுந்து வண்டி நிற்கும். திரும்ப வைத்தால் சுற்றுக் கூடி வண்டி புறப்படும். தனியாக விசை எதையும் தேடித் தட்ட வேண்டியதில்லை; எடுப்பதும் வைப்பதுமே விசை. பலகையில் பாதை போட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அழகு தெரியும். வண்டியை ஓடவிடுவது எளிது. வேண்டிய இடத்தில், வேண்டிய நேரத்தில், குலுங்காமல் நிற்கச் செய்வதுதான் கடினம். எனக்கு அது இன்னும் கைவரவில்லை.

மாதவ ராவ் குறும்புக்காரர் என்று பெயர் பெற்றவர். தாம் விரும்பாத விருந்தாளியின் முன் வண்டியை நிறுத்தாமல் விரைந்து கடக்கச் செய்வாராம். அந்த மனிதர் நீட்டிய கையுடன் விழிப்பாராம். இன்னொரு கதையும் உண்டு. வைசிராய்க்கு விருந்து நடந்த இரவில் மின் இணைப்புக் கோளாறாகி, இரயில் கட்டுக்கடங்காமல் ஓடி, மதுவையும் குழம்பையும் பெரிய மனிதர்களின் உடைமேல் வாரி இறைத்ததாக, லாரி காலின்ஸும் டொமினிக் லாப்பியரும் 1975-இல் வெளியிட்ட நள்ளிரவில் சுதந்திரம் என்ற நூலில் எழுதியிருக்கிறார்கள். கதை கொஞ்சம் அதிகச் சுவையாகவே இருக்கிறது. ஆயினும் தண்டவாள இணைப்பில் ஒரு கம்பி இடம் மாறினால் வண்டி என்ன பாடு படுத்தும் என்பது என் கதவுப் பலகைக்குத் தெரியும். ஆகையால் முழுப் பொய் என்று தள்ளவும் துணியேன்.

பஞ்சம் கண்ட நாட்டில் வெள்ளி இரயிலில் மது சுற்றி வந்ததை எண்ணும்போது மனம் உறுத்துகிறது. அந்த உறுத்தலை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆனால் அந்த மேசையை மட்டும் காட்டி, மாதவ ராவை வேடிக்கை மன்னர் வரிசையில் நிறுத்திவிடும் எழுத்தாளர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். சீனத்தில் பாக்சர் கலகத்தின்போது படையுடன் சென்றதோடு, தம் செலவில் மருத்துவக் கப்பல் ஒன்றையும் அனுப்பியவர் அவர். மேசைமேல் வண்டி சுற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வெளியே பாதை வளர்ந்துகொண்டிருந்தது. சபல்கட் கடந்து, 1909-இல் ஷியோப்பூர் வரை போய்விட்டது. குவாலியரிலிருந்து ஷியோப்பூருக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இரண்டடிப் பாதையில் அத்தனை தொலைவு ஓடும் வண்டி உலகில் அரிது.

ஆங்கில அரச குடும்பத்தின்மேல் அவருக்கு இருந்த பற்றும் அளவு கடந்தது. 1916-இல் பிறந்த மகனுக்கு ஜார்ஜ் ஜிவாஜி ராவ் என்று பெயர் வைத்தார். மகளின் பெயரில் மேரி சேர்ந்தது. இந்தப் பற்றை இன்று நாம் போற்ற மாட்டோம். 1925-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் பாரிஸ் மாநகரில், நாற்பத்தெட்டாம் வயதில், மாதவ ராவ் காலமானார். மகனுக்கு ஒன்பது வயது நிரம்பச் சில வாரங்கள் இருந்தன. தந்தை அரியணை ஏறிய வயதைவிடவும் குறைவு! மறுபடியும் ஆட்சிக் குழு. மறுபடியும் ஒரு சிறுவன்.

1948-இல் குவாலியர் மத்திய பாரதத்துடன் இணைந்தது. 1951-இல் அந்தச் சிறு இரயில் மத்திய ரயில்வேயின் சொத்தாயிற்று. பிண்டுக்குச் சென்ற பாதை பிற்காலத்தில் அகலப்பாதையாக மாறியது. ஷியோப்பூர் வண்டி மட்டும், கூரைமேலும் ஆட்களைச் சுமந்துகொண்டு, 2020 வரை ஓடியது. அந்த ஆண்டு கொரோனா ஊரடங்கில் நின்ற வண்டி பிறகு எழவில்லை. அங்கும் அகலப்பாதை போடும் வேலை தொடங்கிவிட்டது. அரண்மனையின் ஒரு பகுதி 1964 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. வெள்ளி இரயிலை அங்கே மேசைமேல் காணலாம்.

சிறு இரயில் அமைக்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. நம் நாட்டு அகலப்பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். கடைகளில் கிடைக்கும் மாதிரித் தண்டவாளம் பெரும்பாலும் 1,435 மில்லிமீட்டர் பாதையைக் கருதிச் செய்தது. அதனால் நம் வண்டிகள் அதன்மேல் சற்றுப் பொருந்தாமலே நிற்கும். குவாலியரின் இரண்டடி வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. பெட்டியையும் எஞ்சினையும் 76-இல் ஒரு பங்காகச் செய்தால், அதே 9 மில்லிமீட்டர் பாதை ஏறத்தாழப் பொருந்திவிடும். அட்டையில் இரண்டு பெட்டிகள் வெட்டி வைத்திருக்கிறேன். அடுத்த விடுமுறைக்குக் கப்பலேறும்போது அவற்றையும் பெட்டியில் எடுத்துச் செல்வேன். அப்பா இன்னும் அந்தக் கதவுப் பலகையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். கோழிக் கூண்டுக்கு வேண்டுமாம்.